மயிலாடுதுறையில் காணாமல் போன வைஃபை

டேப்லெட்டில் வைஃபை வரவில்லை. விஷயம் அவ்வளவுதான். ஆனால் மூன்று வார ஊர்ப் பயணத்தில் நான்கு நாள் அதற்கே போனது.

அம்மாவுக்காக டாலஸில் வாங்கிப் போன டேப்லெட் அது. சிம் போட முடியாத வகை, வைஃபை மட்டும்தான். பேத்தியின் முகம் ஃபோனில் சின்னதாகத் தெரிகிறது என்று அம்மா குறைப்பட்டுக்கொண்டே இருந்தார். முதல் மூன்று நாள் நன்றாக ஓடியது. நான்காம் நாள் மதியம், சார்ஜில் கிடந்தபோது கரண்ட் போய், முக்கால் மணி நேரம் கழித்து வந்தது. அதற்கப்புறம் டேப்லெட்டில் எங்கள் வீட்டு வைஃபையின் பெயரே இல்லை. என் ஃபோனிலும் அம்மாவின் ஃபோனிலும் மட்டும் பழையபடி வந்தது.

டாலஸில் பழகிய பழக்கம், வாடிக்கையாளர் உதவி அரட்டையைத் திறந்தேன். எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கச் சொன்னார்கள். செய்தேன். அம்மா எடுத்து வைத்திருந்த முல்லைப் பந்தல் படங்கள் எல்லாம் போயின. கடைசியில் வைஃபையைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் திரையில் வந்து நின்றுவிட்டது.

கடைத்தெருவில் ஒரு பழுதுபார்ப்புக் கடைக்குப் போனேன். “சார்ஜ்ல இருந்தப்ப கரண்ட் போச்சா? அப்ப வைஃபையைப் பிடிக்கிற சிப்பு, ஐசி, போயிருக்கும். 3,500 ஆகும், ரெண்டு நாள் கழிச்சு வாங்க” என்றார் கடைக்காரர். ஆன் செய்துகூடப் பார்க்கவில்லை. எனக்குக் கோபமான கோபம். சின்ன வயதில் அப்பாவோடு ரேடியோ சரிசெய்யப் போவோம். கடைக்காரர் முதலில் காதில் வைத்துக் கேட்பார், ஒவ்வொரு ஸ்டேஷனாகத் திருப்பிப் பார்ப்பார், பிறகுதான் ஸ்க்ரூடிரைவரைத் தொடுவார். அந்தப் பொறுமை எங்கே போனது? ஆனாலும் கரண்ட் போன கதை எனக்கே பொருத்தமாகத்தான் பட்டது. கொடுத்துவிடலாம் என்று கை நீண்டுவிட்டது. அம்மாதான், “நம்ம நெட்டுக்காரத் தம்பிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுக் கொடும்மா” என்று தடுத்தார்.

வாட்ஸப்பில் ஒரு வரி அனுப்பினேன். அரை மணி நேரத்தில் பைக்கில் வந்து நின்றார். டாலஸில் என்றால் இதற்கு ஒரு வாரம் முன்பே பதிவு செய்து, காலை எட்டிலிருந்து பன்னிரண்டு வரை வாசலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும்.

வந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி: “அக்கா, பக்கத்து வீட்டு வைஃபை எதாவது இதுல காட்டுதா?”

காட்டியது. நான்கு பெயர்கள். அத்தனை நாளும் என் கண் முன்னால்தான் இருந்தன. ஐசி போயிருந்தால் ஒன்றுகூடத் தெரிந்திருக்காதே! தன் ஃபோனில் ஹாட்ஸ்பாட் போட்டார். டேப்லெட் உடனே பிடித்துக்கொண்டது. ஆக, டேப்லெட்டில் கோளாறே இல்லை. பிறகு தன் ஃபோனில் ஒரு ஆப்பைத் திறந்து காட்டினார். அலைவரிசைகள் குன்று குன்றாக வரிசையில் நின்றன. ஒவ்வொரு அலைவரிசைக்கும் ஒரு எண், அதுதான் சேனல். பக்கத்து வீடுகளெல்லாம் 1, 6, 11-இல். எங்கள் வீடு மட்டும் வலது ஓரத்தில், 13-இல்.

கரண்ட் வந்து ரூட்டர் மறுபடி எழுந்தபோது, நெரிசல் இல்லாத சேனலைத் தானே தேடி 13-க்குப் போய்விட்டிருக்கிறது. இந்தியாவில் 13 வரை உண்டு. அமெரிக்காவில் விற்கும் கருவிகள் பெரும்பாலும் 11-ஓடு நின்றுவிடும், 2483.5 மெகாஹெர்ட்ஸுக்கு மேலே அலை கசியக் கூடாது என்று அங்கே விதி கறார், 13-வது சேனலோ அந்த எல்லையை ஒட்டியே இருக்கிறது. “என் ஃபோனும் அங்கே வாங்கினதுதானே?” என்று கேட்டேன். “ஃபோன் டவரை வச்சு எந்த நாட்டுல இருக்கோம்னு தெரிஞ்சுக்கும் அக்கா. சிம் இல்லாத டேப்லெட்டுக்கு யார் சொல்லுவாங்க? அது இன்னும் அமெரிக்காவுலயே இருக்குன்னு நினைச்சுக்கிட்டிருக்கு” என்றார். இத்தனை தெளிவாக எனக்கு யாரும் எதையும் விளக்கியதில்லை.

ரூட்டரைக் கவிழ்த்து, அடியில் ஒட்டியிருந்த பாஸ்வேர்டைப் பார்த்து, சேனலை ஆட்டோவிலிருந்து 6-க்கு மாற்றினார். மூச்சு விடும் நேரத்தில் எங்கள் வீட்டுப் பெயர் டேப்லெட்டில் வந்துவிட்டது. காசு வேண்டாம் என்றார். அம்மா கொடுத்த மோரை மட்டும் குடித்துவிட்டுக் கிளம்பினார்.

மறுநாள் சாயங்காலம் மறுபடி கரண்ட் போனது. வரும்வரை டேப்லெட்டைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தேன். ஃபேன் சுற்றத் தொடங்கி, ரூட்டரின் பச்சை விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்தன, பெயர் வந்தது. ‘சேனல் 6, ஆட்டோ வேண்டாம்’ என்று ஒரு துண்டுத்தாளில் எழுதி ரூட்டர் முதுகில் ஒட்டிவிட்டுத்தான் ஊரிலிருந்து கிளம்பினேன்.