பழைய மராண்ட்ஸ் என்று நம்பி 42,000 ரூபாய் போனது: ஆன்லைனில் பழைய ஆடியோ செட் வாங்குபவர்கள் தயவுசெய்து படியுங்கள்

நேற்று இரவு பதினொன்றரை மணிக்கு அந்தக் கடையின் பக்கத்தில் ஒரு புதுப் படம் வந்தது. மராண்ட்ஸ் 2230 ரிசீவர், அதாவது ரேடியோவும் ஆம்ப்ளிஃபயரும் ஒன்றாக உள்ள செட், மரப்பெட்டியோடு. பேஸ் குமிழுக்குக் கீழே நகக்கண் நீளத்துக்கு ஒரு கீறல். அந்தக் கீறல் எனக்கு நன்றாகத் தெரியும். மூன்று வாரத்துக்கு முன்னால் வீடியோ காலில் அதைக் காட்டி, "இந்தக் கீறல் ஒண்ணுதான் தம்பி குறை, மறைக்காம சொல்லிடறேன்" என்று சொல்லி, 42,000 ரூபாய் வாங்கிக்கொண்டு எனக்கு விற்ற அதே செட். என் வீட்டு மேஜை மேல் இருப்பது வேறு. இந்தத் தடவை விலை 48,000 என்று போட்டிருக்கிறார்கள்.

தூக்கம் வரவில்லை, அதனால் இப்போதே எழுதுகிறேன். கடையின் பெயரைப் போடவில்லை. புகார் கொடுத்திருக்கிறேன், அது ஒரு முடிவுக்கு வரும்வரை பெயர் வேண்டாம் என்று தெரிந்த வக்கீல் ஒருவர் சொன்னார். பழைய ஆடியோ சாமான்களைப் பழுது பார்த்து விற்கும் கடை, வெளியூர், சமூக வலைதளத்தில் பக்கம் உண்டு, பின்தொடர்பவர்கள் ஆயிரக்கணக்கில். அவ்வளவு போதும். வாங்கும்போது என்னென்ன பார்க்க வேண்டும் என்பதைக் கடைசியில் விவரமாக எழுதுகிறேன்.

எனக்கு இந்த ஆசை வந்து ஐந்து வருடம் ஆகிறது. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழம்பொருள் கடை ஒன்றில் ஒரு எச்எம்வி ரெக்கார்டு பிளேயர் தட்டு சுற்றாமல் ஓரமாகக் கிடந்தது. திருச்சிக்குக் கொண்டு வந்து திறந்தால், மோட்டாரில் எண்ணெய் பிசின் மாதிரி இறுகிப்போயிருந்தது. ரப்பர் சக்கரம் வழுவழு என்று பிடிமானமே இல்லை. மோட்டாரைத் துடைத்து இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு, சக்கரத்தின் ஓரத்தை உப்புத்தாளால் லேசாக உரசினேன். தட்டு சுற்ற ஆரம்பித்தது. எத்தனையோ வருடமாக வாயடைத்துக் கிடந்த ஒன்று நம் கையால் பாடும்போது வருகிற சந்தோஷத்தை இந்த வேலை செய்தவர்களிடம் விளக்க வேண்டியதில்லை.

அப்புறம் ஒவ்வொன்றாகச் சேர்ந்தது. ஒரு காஸ்மிக் ஆம்ப், ஓரத்து ஃபோம் பொடிப்பொடியாக உதிர்ந்துபோன ஒரு ஜோடி சோனோடைன் ஸ்பீக்கர். சென்னைக்குப் போகும்போதெல்லாம் எலெக்ட்ரானிக் சாமான் கடைகள் உள்ள ரிச்சி தெருவில் இறங்கி, மின்சாரத்தைச் சேர்த்து வைத்து விடும் கண்டென்சர்கள் வாங்கி வருவேன். பல வருடம் மூடிக்கிடந்த செட்டை நேராக பிளக்கில் சொருகக் கூடாது என்பதை ஒரு ஆம்பைப் புகைய விட்டுத்தான் கற்றுக்கொண்டேன். அதற்குப் பிறகு எந்தச் செட் வந்தாலும் முதலில் சீரிஸ் லேம்ப்தான். செட்டுக்குக் கரண்ட் போகும் வழியில் 60 வாட் குண்டு பல்பு ஒன்றைத் தொடரில் போட்டு ஆன் செய்தால், பல்பு பளிச்சென்று எரிந்து உடனே மங்க வேண்டும். மங்காமல் எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே ஷார்ட். இந்தப் பல்பைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

மராண்ட்ஸ் 2230 என்பது 1970-களின் தொடக்கத்தில் வந்த ரிசீவர். ஒரு பக்கத்து ஸ்பீக்கருக்கு 30 வாட்தான், ஆனால் அந்த 30 வாட்டுக்கு ஒரு வீடு நிறையும். ரேடியோவைத் திருப்ப அதில் குமிழ் கிடையாது. முகப்பில் ஒரு நீளவாக்குப் பிளவு, அதற்குள் கனமான ஒரு சக்கரத்தின் விளிம்பு மட்டும் தெரியும். விரலால் ஒரு தள்ளு தள்ளினால் முள் டயலின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு வழுக்கிக்கொண்டு போகும். டயலுக்குப் பின்னால் ட்ரேசிங் பேப்பர் மாதிரி ஒரு தாள் ஒட்டியிருக்கும், அதற்குப் பின்னால் சின்னச் சின்ன பல்புகள். வெளிச்சம் அந்தத் தாளில் பரவித்தான் டயலின் மென்மையான நீலம் சீராகத் தெரிகிறது. நம் ஊரில் இவை கடையில் விற்றவை அல்ல. பெரும்பாலும் வளைகுடாவிலோ சிங்கப்பூரிலோ வேலை பார்த்தவர்கள் கொண்டு வந்தவை. ஒன்று நல்ல நிலையில் கண்ணில் படுவதே அபூர்வம்.

அந்தக் கடைக்காரருக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வீடியோ காலில் முக்கால் மணி நேரம் பேசினார். நான் கேட்டதற்கெல்லாம் பதில் இருந்தது. ஸ்பீக்கருக்குச் சத்தம் போகும் வழியில் இருக்கும் அவுட்புட் கண்டென்சர் இரண்டையும் மாற்றியாச்சா என்றேன். "அதை மாத்தாம 2230-ஐ விக்கிறவன் வியாபாரி இல்ல தம்பி" என்றார். 230 வோல்ட்டுக்கு வயரிங் மாற்றியிருக்கிறதா என்றேன். பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். சக்கரத்தைத் தள்ளிக் காட்டினார், முள் நான் சொன்ன மாதிரியே வழுக்கிப் போனது. ரெக்கார்டு ஒன்றைப் போட்டார், போனின் சின்ன ஸ்பீக்கரிலேயே பேஸ் கிடார் தனியாகக் கேட்டது.

அப்புறம் அறை விளக்கை அணைத்துவிட்டு டயலை மட்டும் காட்டினார். "பழைய தாள் மஞ்சளாப் போயிருந்தது தம்பி. நானே அளவெடுத்து வெட்டிப் போட்டேன். நிறைய பேர் எல்இடி போட்டு விட்டுடறான். எல்இடில இந்த நீலம் வராது."

அந்த இடத்தில்தான் நான் விழுந்தேன். பணத்துக்காக மட்டும் இந்த வேலை செய்கிறவன் ஒரு தாளுக்காக இவ்வளவு மெனக்கெட மாட்டான் என்று நினைத்தேன். பணத்தை அவசரப்படுத்தவும் இல்லை. "நாளைக்குப் போடுங்க, நாளன்னிக்குப் போடுங்க, உங்களுக்குன்னு எடுத்து வச்சிடறேன்" என்றார். மூடியைத் திறந்து உள்ளே காட்டச் சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது. இவ்வளவு மனசோடு பேசுகிற ஒருவரைச் சந்தேகப்படுவதா என்று விட்டுவிட்டேன். மறுநாள் காலை 42,000 ரூபாயை யுபிஐ-யில் அனுப்பினேன். பதினெட்டு மாதம் கட்டிய சீட்டுப் பணம். அனுப்பும்போது திரையில் கடையின் பெயர் வரவில்லை, யாரோ ஒரு தனி ஆளின் பெயர் வந்தது. கேட்டேன். "பையன் அக்கவுண்ட் தம்பி. கடை அக்கவுண்ட்ல போட்டா பில் போடணும், ஜிஎஸ்டி உங்க தலைல விழும்" என்றார். சரி என்று அதையும் விட்டுவிட்டேன்.

ஐந்தாம் நாள் லாரி பார்சல் ஆபீஸில் பெட்டி வந்து இறங்கியது. கனமாகத்தான் இருந்தது, ஆட்டோவில் ஏற்ற இரண்டு பேர் தேவைப்பட்டார்கள். வீட்டில் பிரித்து, துடைத்து, மேஜை மேல் வைத்து, வழக்கம்போல சீரிஸ் லேம்பில் மாட்டி ஆன் செய்தேன்.

பல்பு எரியவே இல்லை. ஒரு மினுக்குக் கூட இல்லை. பெரிய டிரான்ஸ்பார்மரும் பெரிய கண்டென்சர்களும் உள்ள செட் முதல் கணத்தில் கரண்டை இழுக்கும், பல்பு கட்டாயம் ஒரு தடவை பளிச்சிடும். இங்கே பல்பு கறுப்பாகவே இருந்தது, ஆனால் டயல் மட்டும் பளீரென்று எரிந்தது. கண்ணைக் கூசுகிற நீலம், கல்யாண மண்டப சீரியல் செட் நீலம்.

கை நடுங்கிக்கொண்டே மூடியின் திருகுகளைக் கழற்றினேன். அவுட்புட் கண்டென்சர்கள் இருக்க வேண்டிய இடத்தில் அவற்றைப் பிடிக்கும் இரண்டு தகர வளையங்கள் மட்டும் நின்றன, நடுவில் ஒன்றும் இல்லை. வளையத்துக்குள் தகடு புதுசு மாதிரி மின்னியது, சுற்றிலும் பல வருடத் தூசி. சூட்டைத் தணிக்கும் ஹீட்சிங்க் தகட்டில் டிரான்சிஸ்டர் ஒன்றுகூட இல்லை, வெறும் துளைகள். பழைய டிரான்ஸ்பார்மர் இல்லை. அது இருந்த இடத்தில் ஏதோ ஒரு யூபிஎஸ்-சின் டிரான்ஸ்பார்மரைத் திருகி வைத்திருந்தார்கள், ஒரு வயர்கூட இணைக்காமல், கனத்துக்காக மட்டும். ஒரு மூலையில் 12 வோல்ட் அடாப்டர் ஒன்றின் உட்பகுதி. அதிலிருந்து டிடிஏ 7297 என்ற ஆம்ப் ஐசி போட்ட உள்ளங்கை அளவு போர்டு ஒன்றுக்கு வயர் போனது, அந்தப் போர்டை குளு கன்னால் அடித்தகட்டில் ஒட்டியிருந்தார்கள். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் போர்டு அது. டயலுக்குப் பின்னால் எல்இடி பட்டை. ரேடியோ போர்டு அப்படியே இருந்தது, ஆனால் அதற்குக் கரண்டே போகவில்லை. பேஸ், மிட், ட்ரெபிள் மூன்றும் சுற்றின, மூன்றும் எதனோடும் இணைக்கப்படவில்லை.

என் 42,000 ரூபாய்க்கு வந்தது இதுதான்.

அன்றைக்கே கூப்பிட்டேன். "லாரில குலுங்கியிருக்கும் தம்பி, கனெக்டர் கழண்டிருக்கும், உள்ளூர் மெக்கானிக்கைக் கூப்பிட்டு அமுக்கிவிடச் சொல்லுங்க" என்றார். படங்களை அனுப்பினேன். இரண்டு நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. இரண்டு நாள் கழித்து வேறு ஒரு பையன் எடுத்து, ஓனர் கல்யாணத்துக்குப் போயிருக்கிறார், வியாழக்கிழமை வருவார் என்றான். வியாழக்கிழமை கூப்பிட்டால், வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமை அவரே எடுத்தார். தம்பி போய் 'சார்' ஆகியிருந்தேன்.

"நீங்க மூடியைத் திறந்துட்டீங்க சார். திறந்த செட்டுக்கு நாங்க பொறுப்பு இல்லை."

திறக்காமல் எப்படித் தெரியும் என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "உள்ள இருந்த ஒரிஜினல் சாமானை நீங்களே எடுத்துட்டு எங்க மேல பழி போடறீங்கன்னு நாங்க சொன்னா என்ன செய்வீங்க?" என்று கேட்டார். ஐந்து வருடமாகச் செத்த செட்டுகளுக்கு உயிர் கொடுப்பதையே சந்தோஷமாக நினைத்துச் செய்கிற என்னைப் பார்த்து, ஒரு 2230-இன் வயிற்றைக் கிழித்தாய் என்கிறார். பணம் போனதைவிட அந்த வார்த்தைதான் இன்னும் எரிகிறது.

கடைசியாக, என் செலவில் திருப்பி அனுப்பினால் 3,000 ரூபாய் தருவதாகச் செய்தி வந்தது. முடியாது, முழுப் பணம் 42,000 வேண்டும் என்று எழுதினேன். என் எண்ணை பிளாக் செய்துவிட்டார்கள். அவர்கள் பக்கத்தில் போய்க் கருத்து எழுதினேன், பத்து நிமிடத்தில் அழித்துவிட்டார்கள். பார்சல் ஆபீஸில் "பெட்டி உடையலையே சார்" என்றார்கள், அவர்கள் சொல்வதில் தப்பில்லை. வங்கியில், நீங்களாக அனுப்பிய பணம், எங்களால் திருப்ப முடியாது என்று சொல்லிவிட்டார்கள். சைபர் குற்றப் புகாருக்கான 1930 எண்ணுக்கு நான் கூப்பிட்டது பெட்டி வந்த பிறகு எட்டாம் நாள். ஏமாந்தது தெரிந்த உடனே கூப்பிட்டிருக்க வேண்டும் என்பது இப்போது புரிகிறது. சமாதானமாகப் பேசித் தீர்த்துவிடலாம் என்று அந்தக் கல்யாணத்தையும் வியாழக்கிழமையையும் நம்பிக் காத்திருந்ததில் நாள் போய்விட்டது.

நேற்று அந்தப் படத்தைப் பார்க்கும்வரை, அந்த மனுஷர் நல்ல செட்டைத்தான் விற்றார், பையன்கள் யாரோ மாற்றி அனுப்பிவிட்டார்கள் என்று மனசின் ஒரு மூலை சொல்லிக்கொண்டிருந்தது. இல்லை. கீறல் உள்ள செட் அவர்களுக்கு ஒரு காட்சிப் பொருள். அதைக் காட்டிக் காட்டி எத்தனை பேருக்கு வெறும் கூட்டை அனுப்பினார்களோ தெரியாது. என் மேஜையில் இருப்பதும் ஒரு காலத்தில் பாடிய நிஜமான 2230தான். ஐம்பது வருடம் தாங்கிய செட். அதன் டிரான்ஸ்பார்மரையும் போர்டுகளையும் பிடுங்கித் தனித்தனியாகக் காசாக்கிவிட்டு, தோலுக்குள் யூபிஎஸ் இரும்பை அடைத்து எனக்கு விற்றிருக்கிறார்கள். தாளை அளவெடுத்து வெட்டத் தெரிந்தவர் இதைச் செய்திருக்கிறார் என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

விவரமாக எழுதுகிறேன் என்று மேலே சொன்னேன். இப்போது கை ஓடவில்லை, முக்கியமானதை மட்டும் சொல்லிவிடுகிறேன். மூடியைத் திறந்து, செட் ஓடும்போதே, நேரலையில் உள்ளே காட்டச் சொல்லுங்கள், கூச்சப்படாதீர்கள். பின்பக்கத் தகட்டில் உள்ள சீரியல் எண்ணைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், வந்த செட்டோடு ஒப்பிடுங்கள். நான் அதை வாங்கி வைக்கவில்லை. வீடியோ காலைப் பதிவு செய்யுங்கள். என்னிடம் இருப்பது ஒரே ஒரு ஸ்கிரீன்ஷாட், அதில் அந்தக் கீறல் தெரிவது அதிர்ஷ்டம். தனி ஆள் கணக்குக்குப் பணம் போடாதீர்கள், பில் இல்லாமல் வாங்காதீர்கள். பெட்டியைப் பிரிப்பதை முதல் டேப்பிலிருந்து வீடியோ எடுங்கள். முடிந்தால் பஸ் ஏறிப் போய் நேரில் பாருங்கள், 42,000 ரூபாய்க்கு முன்னால் பஸ் கட்டணம் ஒன்றுமே இல்லை. ஏமாந்துவிட்டால் அன்றைக்கே 1930.

காலையில் அந்த ஸ்கிரீன்ஷாட்டையும் நேற்று வந்த படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து பிரிண்ட் எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போகிறேன். 48,000 ரூபாய்க்கு ஒரு 2230-ஐ உங்களுக்காக 'எடுத்து வைத்திருப்பதாக' யாராவது சொல்லியிருந்தால், பேஸ் குமிழுக்குக் கீழே கீறல் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் பணம் போடாதீர்கள், எனக்கு ஒரு செய்தி அனுப்புங்கள்.