அரிசிச் சாக்கில் தைத்த சந்தைப் பை: நாலாவது வருடத்தில் எப்படி இருக்கிறது?

பை கிழிந்துவிட்டது என்று நாம் சொல்வதில் முக்கால்வாசி, கைப்பிடி பிய்ந்ததுதான். உடம்பு அப்படியே புதுசாக இருக்கும், கைப்பிடி மட்டும் ஒரு பக்கம் தொங்கும். ஜவுளிக்கடைக் கட்டைப்பையில் கட்டைக்கு ஒன்றும் ஆகாது, கட்டை நுழையும் அந்த மடிப்புத் தையல்தான் விட்டுப்போகும். மஞ்சப்பையில் வாயோரம் தைத்த காது கழன்றுவிடும். இந்த விஷயத்தில் கெட்ட பெயர் எடுக்காதது ஒயர் கூடை ஒன்றுதான். அதைப் பற்றி அப்புறம் சொல்கிறேன்.

நான் எழுதப்போவது வீட்டுக்கு அரிசி வந்த பிளாஸ்டிக் சாக்கை வெட்டி, பை ரிப்பேர் கடையில் தைக்கச் சொன்ன ஒரு பையைப் பற்றி. திருச்சியில் தென்னூர் உழவர் சந்தைக்கும் காந்தி மார்க்கெட்டுக்கும் வாரத்தில் பாதி நாள் இதுதான் போய்வருகிறது. இப்போது நாலாவது வருடம். சாதாரணமாக எட்டு கிலோ, வெங்காயம் மலிவாகக் கிடைத்த நாளில் பத்துக்கு மேல்.

முதலில் சாக்கைப் பற்றி. அரிசி மூட்டைச் சாக்கு பாலிபுரொப்பிலீனால் ஆனது. அதை மெல்லிய தாளாக இழுத்து, பட்டை பட்டையாகக் கீறி, சூடாக்கிப் பல மடங்கு நீளத்துக்கு நீட்டி, அந்தப் பட்டைகளைத் தறியில் நெய்கிறார்கள். நீட்டும்போது மூலக்கூறுகள் எல்லாம் நீளவாக்கில் வரிசைப்பட்டுவிடும். அதனால் ஒரு பட்டையை இரண்டு முனையிலும் பிடித்து இழுத்தால் லேசில் அறாது, ஆனால் நகத்தால் கீறினால் நார் நாராகப் பிளந்துவிடும். இந்த ஒரு குணம்தான் பை தைக்கும்போது நமக்குப் பெரிய தலைவலி. மேலே பளபளவென்று நெல்கதிரும் சாமி படமும் அச்சடித்திருக்கும் படலம் தனி, அது நெசவின் மேல் ஒட்டியது. அச்சு படலத்தின் உள்பக்கம் இருப்பதால் தேய்த்தாலும் எளிதில் அழியாது.

என்னுடையது 25 கிலோ சாக்கு. இப்போது கடையில் வாங்கினால் 26 கிலோ என்று போட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். 2022 ஜூலை 18 முதல் 25 கிலோ வரையிலான லேபிள் ஒட்டிய மூட்டைக்கு 5 சதவீத ஜிஎஸ்டி வந்ததும், ஆலைக்காரர்கள் ஒரு கிலோவைக் கூட்டிப் போட்டு வரிக்கு வெளியே போய்விட்டார்கள். பை தைப்பவருக்கு இதனால் ஒரு வித்தியாசமும் இல்லை. விரித்துப் போட்டால் சுமார் பதினெட்டு அங்குல அகலம், முப்பது அங்குல உயரம், அவ்வளவுதான் தெரிய வேண்டியது.

மூட்டையின் வாயிலும் அடியிலும் ஆலையில் போடுவது சங்கிலித் தையல். சரியான முனையைப் பிடித்து இழுத்தால் சர்ரென்று மொத்தமும் உருவிக்கொண்டு வரும், தப்பான முனையைப் பிடித்தால் அரை மணி நேரம் அரிவாள்மனையோடு மல்லுக்கட்ட வேண்டும். பிரிக்க வசதியான தையல், பைக்கு ஆகாத தையல். ஒரு இடத்தில் அறுந்தால் முழுவதும் ஓடிவிடும் என்பதால், அடித்தையல் நன்றாகத்தானே இருக்கிறது என்று அப்படியே விட்டுவிடக் கூடாது. பிரித்துவிட்டு, மேல்நூலும் பாபின் நூலும் பூட்டிக்கொள்ளும் சாதாரண மிஷின் தையலாகப் போட வேண்டும்.

அளவு இப்படி வைத்தேன். அடியின் இரண்டு மூலைகளையும் முக்கோணமாக மடித்துத் தைத்தால் பைக்கு ஆறு அங்குல ஆழம் கிடைக்கும், அகலம் பதினெட்டிலிருந்து பன்னிரண்டாகும். உயரம் பதினான்கு. வாயை இரண்டு அங்குலம் உள்ளே மடித்து இரட்டைத் தையல். கணக்குப் போட்டால் பதினாறரை லிட்டர் வருகிறது. இதற்கு மேல் பெரிதாக வைத்தால் நிரப்பத்தான் தோன்றும், அப்புறம் தூக்குவது யார்? மேலே வெட்டி எடுத்த பதினொரு அங்குலத் துண்டு வீணாகவில்லை. அடியில் இரண்டாவது அடுக்காக அதைப் போட்டோம்.

வெட்டிய ஓரம் எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் பட்டை உருவிக்கொண்டு வரும். மடிப்புக்குள் போகாத ஓரங்களை மெழுகுவத்திச் சுடரின் பக்கத்தில், தொடாமல், வேகமாக ஓட்டினால் முனைகள் உருகி ஒட்டிக்கொள்கின்றன. கொஞ்சம் தாமதித்தாலும் ஓரம் சுருங்கிக் கோணிக்கொள்ளும். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

இனி கைப்பிடி. பை ரிப்பேர் அண்ணன் சாக்கைத் தடவிப் பார்த்துவிட்டு முதலில் சொன்னது, "இதுல காது வெச்சுத் தச்சா நிக்காதும்மா. ஊசி போன எடமெல்லாம் பொளந்துக்கும்." நூறு சதவீதம் சரி. துணியில் ஊசி, இழைகளுக்கு நடுவே வழி கண்டுபிடித்துக்கொண்டு போகும். இந்தப் பட்டையில் அது பட்டையையே துளைத்துத்தான் போக வேண்டும். நெருக்கமாகத் தைத்தால் பலம் கூடும் என்று நினைப்போம், இங்கே தலைகீழ். தபால்தலை ஓரம் மாதிரி ஓட்டை ஓட்டையாகி, அந்த வரிசையிலேயே கிழியும். தையலைப் பெரிதாக வைக்க வேண்டும், ஒரு அங்குலத்துக்கு ஐந்தாறு போதும். நூல் பாலியஸ்டர் அல்லது நைலான்.

அதோடு, தையல் எடையைத் தாங்கவே கூடாது என்று முடிவு செய்தோம். காது மாதிரி இரண்டு துண்டுகளை வாயோரம் ஒட்டவைக்காமல், ஒரே நீள நாடா. பையின் முன்பக்கம் ஏறி, கைப்பிடியாக வளைந்து, மறுபடி இறங்கி, அடியில் குறுக்கே போய், பின்பக்கம் ஏறி, அங்கேயும் ஒரு கைப்பிடியாகி, இறங்கி, அடிக்கு வந்து ஆரம்பித்த இடத்தில் சேர்கிறது. அதாவது காய்கறி உட்கார்ந்திருப்பது சாக்கின் மேல் அல்ல, சாக்குக்கு அடியில் இரண்டு இடத்தில் குறுக்கே ஓடும் அந்த நாடாவின் மேல். சாக்கு பக்கச் சுவராக நின்று உள்ளே இருப்பதைச் சிந்தாமல் வைத்துக்கொள்கிறது. நாடா நகராமல் பிடிப்பது மட்டும்தான் தையலின் வேலை.

நீளம்: பக்கவாட்டில் நாலு முறை பதினான்கு, அடியில் இரண்டு முறை ஆறு, கைப்பிடி இரண்டுக்கும் தலா பதினெட்டு, ஒன்றின் மேல் ஒன்று ஏற நாலு அங்குலம். மொத்தம் 108 அங்குலம், சரியாக மூன்று கஜம். அந்த ஒட்டு அடிப்பக்கம்தான் வர வேண்டும், கைப்பிடியில் வரவே கூடாது. அண்ணன் இதை நான் சொல்லாமலே செய்தார், சுற்றிலும் பெட்டி மாதிரி தைத்து, நடுவில் குறுக்காக இரண்டு கோடு.

இன்னொரு சின்ன விஷயம், ஆனால் இந்தப் பையின் ஆயுளுக்கு முக்கியம் என்று நினைக்கிறேன். நாடாவை வாய்விளிம்பு வரை தைக்காமல் இரண்டு அங்குலம் கீழேயே நிறுத்திவிட்டோம். பை ஆடும்போது கைப்பிடி உள்ளும் வெளியும் சாயும், அந்தச் சாய்வு கடைசித் தையலைத்தான் பிய்க்கப் பார்க்கும். விளிம்பில் நிறுத்தினால் கிழிசல் வாயிலேயே தொடங்கிக் கீழே ஓடும். கீழே நிறுத்தினால் அங்கே மடித்துத் தைத்த இரட்டைச் சாக்கு இருக்கிறது, உள்பக்கம் ஒட்டுத்துண்டும் வைத்தாகிவிட்டது. நிறுத்திய இடத்தில் தையலை முன்னும் பின்னும் நாலு முறை ஓட்டிக் கட்டியிருக்கிறார்.

நாடா, கார் சீட் பெல்ட்டுக்குப் போடும் ரகம். ஒன்றரை அங்குலத்துக்கு மேல் அகலம். பள்ளிப் பைக்குப் போடும் மெல்லிய நாடா பாதி விலைக்குக் கிடைத்தது. எட்டு கிலோவோடு பேருந்து நிறுத்தம் வரை நடந்தால் விரலில் பள்ளம் விழும், வேண்டாமென்று விட்டேன். அகல நாடாவை அப்படியே பிடித்தால் ஓரங்கள் உள்ளங்கையில் குத்தும் என்பதால், கை பிடிக்கும் நாலு அங்குலத்தை மட்டும் இரண்டாக மடித்துத் தைத்து உருட்டாக்கினோம். நாடா, கூலி எல்லாம் சேர்த்து இருநூறுக்குள் முடிந்தது.

இத்தனை வருடத்தில் கைப்பிடியில் ஒரு தையல்கூட விடவில்லை. நாடா கொஞ்சம் கறுத்திருக்கிறது, அவ்வளவுதான். பேருந்தில் ஏறும்போது வெடுக்கென்று இழுப்பதும், இறங்கும்போது படியில் டொம்மென்று வைப்பதும் எல்லாம் நடக்கிறது. அப்படி இழுக்கும் நேரத்தில் கைப்பிடிக்கு வருவது உள்ளே இருக்கும் எடையைவிட ரொம்ப அதிகம், பை பிய்வதும் பெரும்பாலும் அந்த நொடியில்தான்.

பழுதானது வேறு இடம். அடி விளிம்பின் மடிப்பில் அச்சுப் படலம் முதல் வருடத்திலேயே வெடித்து, செதில் செதிலாக உரியத் தொடங்கியது. பார்க்க அசிங்கம், பலத்துக்கு ஒன்றும் குறைவில்லை, ஆனால் அந்த இடத்தில் இப்போது தண்ணீர் கசிகிறது. கீரைக்கட்டின் ஈரம் ஸ்கூட்டரில் கால் வைக்கும் இடத்தில் சொட்டும். உரிந்த துணுக்குகள் காய்கறியில் ஒட்டுவதும் எனக்குப் பிடிக்கவில்லை, அதனால் உரிந்ததையெல்லாம் வெட்டி எடுத்துவிட்டேன். மீன் வாங்க இந்தப் பை வேண்டவே வேண்டாம். சாக்கு தண்ணீர் குடிக்காது, உண்மைதான், ஆனால் மூலை மடிப்புக்குள் போன மீன் தண்ணீர் எத்தனை முறை கழுவினாலும் போகாது.

கழுவினால் நிழலில் காயவையுங்கள். பாலிபுரொப்பிலீனுக்கு எமன் வெயில். புற ஊதாக் கதிர் பட்டால் அதன் நீளமான சங்கிலிகள் அறுந்து நொறுங்கத் தொடங்கும். மொட்டை மாடியில் மண் நிரப்பி வைத்த சாக்கு ஒரு கோடை தாண்டினால் கையில் பொடியாக வருவதைப் பார்த்திருப்பீர்கள். அரிசிச் சாக்கு கிடங்குக்குள் இருக்கச் செய்தது, வெயிலுக்காகச் செய்தது இல்லை. என் பை கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்குகிறது. சீட் பெல்ட் நாடாவுக்கு இந்தப் பயம் அவ்வளவு இல்லை, காருக்குள் வெயில் தின்னவே செய்தது அது.

பையில் எனக்குப் பிடிக்காதது மடிப்பு. நாலாக மடித்தாலும் தடிமனாக நிற்கும், கைப்பைக்குள் போகாது. அலுவலகத்திலிருந்து வரும் வழியில் திடீரென்று காய் வாங்கலாம் என்றால் இது கையில் இருக்காது. அந்த இடத்தை மஞ்சப்பை பிடித்துக்கொண்டது. சாக்குப் பையைப் பிரிக்கும்போது சரசரவென்று ஒரு சத்தம், தூங்கும் குழந்தை இருக்கும் வீட்டில் காலை ஆறு மணிக்குச் சங்கடம்.

கைப்பிடி நீளத்திலும் ஒரு குறை. பதினெட்டு அங்குலம் கையில் தொங்கவிட அருமை, தோளில் மாட்ட முடியாது. இருபத்துநாலு வைத்தால் தோளுக்கு வரும், ஆனால் குள்ளமானவர் கையில் பிடித்தால் அடி தரையில் உரசும், ஸ்கூட்டர் கொக்கியில் மாட்டினால் பை கால் வைக்கும் இடத்தில் உட்கார்ந்துவிடும். ஐக்கியா ஃபர்னிச்சர் கடையின் நீலப் பை இருக்கிறதே, ஃப்ராக்டா, அதுவும் இதே நெய்த பிளாஸ்டிக்தான், அதில் குட்டையாக ஒரு ஜோடி, நீளமாக ஒரு ஜோடி என்று இரண்டும் வைத்துவிட்டார்கள். 71 லிட்டர் பைக்கு அது சரி. நம்முடைய அளவுக்கு நாலு கைப்பிடி வைத்தால் காயைவிட நாடாதான் அதிகம் தெரியும். ஸ்கூட்டர் கொக்கி பற்றி இன்னொன்று: அகல நாடா அதில் நுழையாது. மடித்து உருட்டிய அந்த நாலு அங்குலம் மட்டும்தான் நுழைகிறது.

இப்போது ஒயர் கூடை. எங்கள் அத்தை பின்னிய சிவன் கண் கூடை எங்களிடம் இன்னும் இருக்கிறது, வயதில் இந்தப் பைக்கு மூத்தது. அதன் கைப்பிடி தனியாக ஒட்டவைத்தது அல்ல. கைப்பிடி ஒயர் உடம்பின் முடிச்சுகளோடு பின்னிக் கிடப்பதால் எடை ஒரு இடத்தில் குவியாது. நாங்கள் நாடாவை அடிவரை ஓட்டியதும் அதே கணக்குதான். தேங்காய், பூசணி, பாத்திரம் என்றால் இன்றும் கூடைதான் எடுப்பேன். பச்சை மிளகாயும் உதிரி வெங்காயமும் இடுக்கில் நழுவும், மடிக்கவே முடியாது, பேருந்தில் பக்கத்தில் நிற்பவரின் முட்டியில் இடிக்கும், அந்த மூன்றுக்காகத்தான் சாக்குப் பை.

பிளாஸ்டிக்கில் பையா என்று கேட்பவர்கள் உண்டு. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்டது ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப்போடும் பொருட்கள். கடையில் கொடுக்கும் பிளாஸ்டிக் பை எந்தத் தடிமனாக இருந்தாலும் அதில் அடக்கம். துணி மாதிரியே இருக்கும் நெய்யாத பையும் அடக்கம், அதுவும் பாலிபுரொப்பிலீன்தான், சூட்டில் ஒட்டிய அதன் காது இரண்டாம் தடவைக்கே தாங்காது. பிரிட்டனின் சுற்றுச்சூழல் முகமை 2011இல் வெளியிட்ட ஆய்வில், புவி வெப்பமாதல் கணக்கில் சாதாரண கேரி பேக்குக்கு ஈடாக வர பருத்திப் பையை 131 முறை பயன்படுத்த வேண்டும் என்று வந்தது. மஞ்சப்பையைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை, எதில் செய்த பையானாலும் நாள்பட உழைத்தால்தான் கணக்கு நேராகும். என் சாக்கு எப்படியும் வீட்டுக்கு வந்தது, அரிசி காலியானதும் குப்பைக்குப் போயிருக்கும். புதிதாக வாங்கியது நாடாவும் நூலும் மட்டும்.

உடம்பு இன்னும் ஒரு வருடம் தாங்கும் என்று பார்க்கிறேன். நாடா அப்போதும் நன்றாகத்தான் இருக்கும். பிரித்தெடுத்து அடுத்த சாக்கில் தைத்துவிடலாம் என்று அண்ணனிடம் கேட்டதற்கு, "கூலி மட்டும் குடும்மா, ஆனா சாக்க உள்வெளி மாத்திப் போடு, படம் உள்ள போயிரும்" என்றார். உரியும் படலம் உள்ளே போனால் காயில்தான் ஒட்டும் என்பதால் எனக்கு அது ஒத்துவராது. படலம் ஒட்டாத, வெறும் நெசவும் மை அச்சும் மட்டும் இருக்கும் சாக்காகப் பார்த்து எடுத்து வைத்திருக்கிறேன். மழைத் தண்ணீர் உள்ளே வரும், வரட்டும்.