ரெய்னரை வெறுத்த நாலு வருஷம்: அட்டாக் ஆன் டைட்டனோடு என் அனுபவம்

அட்டாக் ஆன் டைட்டன் ஒரு ஜப்பானிய அனிமே தொடர். டைட்டன் என்ற மனிதர்களைத் தின்னும் ராட்சதர்களுக்குப் பயந்து ஜனங்கள் பெரிய சுவர்களுக்குள் வாழ்கிற கதை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசிக் காட்சி வரை எல்லாவற்றையும் போட்டு உடைக்கப்போகிறேன். பார்க்காதவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

2014இல் கோவையில் கல்லூரி விடுதியில் இருந்தேன். அறைத்தோழனுடைய ஹார்ட் டிஸ்க்கில் முதல் சீசன் 25 எபிசோடும் கிடந்தன. இரண்டே ராத்திரியில் முடித்தோம். எரென் என்கிற பையனின் அம்மாவை அவன் கண்ணெதிரிலேயே ஒரு டைட்டன் தின்றுவிடுகிறது. ஒன்று விடாமல் கொன்று தீர்ப்பேன் என்று அவன் சபதம் போடுகிறான். 19 வயதில் எங்களுக்கு வேறென்ன வேண்டும்? அவன் கத்தும்போதெல்லாம் நாங்களும் கத்தினோம். வார்டன் வந்து கதவைத் தட்டிவிட்டுப் போனார்.

டைட்டன்களை ஒழிக்க எரென் சேர்ந்த படையில் ரெய்னர் என்று ஒருவன் இருந்தான். வாட்டசாட்டமாக, எல்லோருக்கும் அண்ணன் மாதிரி. அவனைப் பற்றி எனக்கு நினைவிருந்தது அவ்வளவுதான்.

இரண்டாம் சீசன் வர 2017 ஏப்ரல் ஆகிவிட்டது. அதற்குள் நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். ஆறாவது எபிசோடில், மதில் மேல் எல்லோரும் நின்று வேறெதையோ பேசிக்கொண்டிருக்கும்போது, ரெய்னர் எரெனிடம் ஓரமாக ஒரு விஷயம் சொல்கிறான். ஐந்து வருஷத்துக்கு முன்னால் எரெனின் ஊர்ச் சுவரை உடைத்து டைட்டன்களை உள்ளே விட்டது தாங்கள்தான், தான் கவச டைட்டனாக மாறுகிறவன், பக்கத்தில் நிற்கிற பெர்டோல்ட் அந்தப் பிரம்மாண்ட டைட்டன் என்று. டீ குடிக்கப் போலாமா என்று கேட்கிற தொனியில் சொல்கிறான். எனக்கு உறைக்கவே இல்லை. பின்னால் ஓட்டி மறுபடி கேட்டேன். அப்புறம் வந்ததே கோபம்! கூடவே தின்று, கூடவே உறங்கி, துரோகம் செய்தவன். அதிலிருந்து நாலு வருஷம் அவன் சாவதைப் பார்க்கத்தான் இந்தத் தொடரையே பார்த்தேன் என்றாலும் தப்பில்லை.

2020 டிசம்பரில் நான்காம் சீசன் தொடங்கியது. கதை கடலைத் தாண்டி மார்லி நாட்டுக்குப் போய்விட்டது. நாம் அரக்கர்கள் என்று நினைத்தவர்களுக்கு அங்கே வீடு இருக்கிறது, அம்மா இருக்கிறாள், கையில் பட்டை கட்டிக்கொண்டு அடைபட்டு வாழ்கிற தெரு இருக்கிறது. மூன்றாவது எபிசோட் முழுக்க ரெய்னரின் பழைய கதை. அப்பா மார்லிக்காரர், அம்மா கரினா எல்டிய இனத்தவள், அதாவது டைட்டனாக மாறக்கூடியவர்கள் என்று மார்லி அடைத்துவைத்திருக்கும் இனம். மகன் டைட்டன் வீரனாகி மார்லிக் குடிமகன் என்ற தகுதி வாங்கிவிட்டால் குடும்பம் ஒன்றுசேர்ந்துவிடும் என்பது அந்தப் பையனின் கணக்கு. அப்படியே வீரனாகிறான். அப்பாவைத் தேடிப் போனால் அந்த ஆள் விரட்டியடிக்கிறார். அதைவிடக் கொடுமை, அவன் தேர்வானதே திறமையால் இல்லை. கூட இருந்த மார்செல் தன் தம்பி போர்க்கோ இதில் மாட்டக் கூடாதென்று ராணுவத்திடம் ரெய்னரை ஏற்றிச் சொல்லியிருக்கிறான். சுவரை உடைக்க நாலு பேராகப் போகும் வழியில் அதை ஒப்புக்கொண்ட மறுநாளே மார்செல் டைட்டன் வாயில் போகிறான். தலைவன் போனதும் திரும்பியிருக்கலாம். வெறுங்கையோடு எப்படிப் போவது என்று மற்ற இருவரையும் மிரட்டிச் சுவரை உடைக்க இழுத்துப் போனது ரெய்னர்தான்.

இத்தனையும் காட்டிவிட்டு, தனியறையில் துப்பாக்கியை வாயில் வைத்தபடி அவனை உட்காரவைக்கிறார்கள். டைட்டன் சக்தி வாங்கியவனுக்கு 13 வருஷம்தான் ஆயுள். இவனுக்கு மிச்சம் இரண்டு. அந்த இரண்டையும் பொறுக்க முடியவில்லை. வெளியே ஃபால்கோ என்ற சின்னப் பையன் ஏதோ ஆற்றாமையில் சுவரைக் குத்துகிறான். அந்தச் சத்தம் கேட்டு இவன் நிறுத்திக்கொள்கிறான்.

2021 பொங்கல் நோம்பிக்குக் காங்கயம் பக்கம் அம்மிச்சி, அதாவது அம்மாவின் அம்மா, வீட்டுக்குப் போயிருந்தேன். திண்ணையில் படுத்து ஐந்தாவது எபிசோடைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நிலவறையில் எரெனும் ரெய்னரும் நேருக்கு நேர் உட்கார்ந்திருக்கிறார்கள். என் அம்மா ஏன் தின்னப்பட்டாள் என்று எரென் நிதானமாகக் கேட்கிறான். ரெய்னர் மண்டியிட்டு, காரணம் நான்தான், வீரன் என்று பேர் வாங்கவே போனேன் என்று தேம்புகிறான். ரெய்னருக்குக் குரல் கொடுத்த யோஷிமாசா ஹொசோயாவை அங்கே கேட்க வேண்டும். மொழி புரியாவிட்டாலும் அடிவயிறு பிசையும். நான் ஸ்பீக்கரில்தான் போட்டிருந்தேன். பக்கத்தில் கடலைக்காய் உரித்துக்கொண்டிருந்த அம்மிச்சி எட்டிப் பார்த்தார்.

“ஏங் கண்ணு, இத்தாச்சோட்டு ஆளு எதுக்கு இப்படி அழுவுறான்?”

தெரிந்த மட்டும் சுருக்கிச் சொன்னேன். இன்னொருத்தன் அம்மா சாகக் காரணமாகிவிட்டான், சின்ன வயதிலேயே சண்டைக்கு அனுப்பிவிட்டார்கள் என்று.

“எத்தன வயசுல?”

“பத்துப் பன்னெண்டு இருக்குமுங் அம்மிச்சி.”

“அப்ப இவனப் பெத்தவளையில்ல நாலு சாத்து சாத்தோணும்” என்றார். திரும்பவும் கடலைக்காய் உரிக்கப் போய்விட்டார்.

நாலு வருஷம் நான் அவனைத் திட்டினேனே தவிர, கரினாவைப் பற்றி ஒரு நிமிஷம்கூட யோசித்ததில்லை. 2023இல் வந்த இறுதிப் பகுதியில் கரினாவே, மகனைத் தன் பழிக்குக் கருவியாக்கிவிட்டேன் என்று ஒப்புக்கொள்கிறாள். அம்மிச்சிக்கு அது இரண்டு வருஷம் முன்னாலேயே தெரிந்திருந்தது.

அவன்மேல் இருந்த கோபம் போனதற்கு எனக்கு இன்னொரு காரணமும் உண்டு. இதை எழுதலாமா என்று யோசித்தேன், சரி, எழுதிவிடுகிறேன். அந்த நாலு வருஷத்துக்குள் கம்பெனியில் ஒரு ஆர்டர் ஷேடு மாறிப் போய்விட்டது. லாட்டைச் சரியாகப் பார்க்காமல் ஓகே சொன்னது நான். பழி விழுந்தது செக்கிங் பையன் தலையில். நான் வாயைத் திறக்கவில்லை. அவன் கணக்கு முடித்துப் போன அன்றைக்கு மற்றவர்களோடு சேர்ந்து நானும் ‘பாவம்’ என்றேன். அதை அந்த நிமிஷம் நிஜமாகவே உணர்ந்தும் சொன்னேன். மார்கோ என்ற நண்பன் சாக ரெய்னரே வழிசெய்துவிட்டு, மார்கோ ஏன் தின்னப்படுகிறான் என்று கண்ணீரோடு கேட்கிற காட்சி ஒன்று மூன்றாம் சீசனில் வரும். நடிக்கிறான் என்றுதான் முதலில் நினைத்திருந்தேன்.

போன வருஷம் எல்லாவற்றையும் முதலிலிருந்து பார்த்தேன். 87 எபிசோடும், நீளமான இரண்டு இறுதிப் பகுதிகளும். முடிவு தெரிந்த கதையை எதற்கு மறுபடி பார்க்கிறாய் என்று மச்சான் கேட்டான். எங்கள் பக்கம் உடுக்கடித்து அண்ணன்மார் கதை பாடுவார்கள். பொன்னரும் சங்கரும் படுகளத்தில் விழுவார்கள் என்பது சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியும். இருந்தும் சனம் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்திருக்கும். சங்கர் ஆரம்பத்தில் சிரித்தால்கூடக் கேட்பவர்களுக்குத் தொண்டை அடைக்கும், முடிவு தெரிந்த காரணத்தாலேயே.

முதல் சீசனும் இப்போது அப்படித்தான் ஆகிவிட்டது. பெண் டைட்டன் ரெய்னரைக் கையில் பிடித்து நசுக்குகிறது. அதன் விரல்களை அறுத்துக்கொண்டு அவன் தப்பிக்கிறான். விடுதியில் நாங்கள் விசிலடித்த இடம் அது. உண்மையில் அதுவும் அவன் கூட்டாளிதான், அவன் எரென் இருக்கும் திசையை அந்தக் கையில் கீறிவிட்டு வருகிறான். டைட்டன் உள்ளங்கையைப் பார்த்துவிட்டுத் திரும்பி ஓடுவது 2014லேயே திரையில் இருந்தது.

குறையும் உண்டு. நான்காம் சீசனில் தயாரிப்பு விட் ஸ்டூடியோவிடமிருந்து மாப்பாவுக்கு மாறியது. கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸ் டைட்டன்கள் பல இடங்களில் பொம்மை மாதிரி நடக்கின்றன. உலகத்தில் நூற்றுக்கு எண்பது பேரை எரென் டைட்டன்களை ஏவி மிதித்துக் கொன்ற பிறகு, தன் நண்பன் ஆர்மினோடு பேசும் கடைசிப் பேச்சு, செய்த காரியத்தின் அளவுக்குப் போதவில்லை. எரெனின் வீழ்ச்சி பெரியதுதான். ஆனால் அது மலையைத் தூரத்தில் நின்று பார்க்கிற மாதிரி. ரெய்னர் பக்கத்து டேபிளில் உட்கார்ந்திருக்கிறான்.

கதாசிரியர் இசயாமா அவனைக் கடைசிவரை சாகவிடவில்லை. தலை போகிற அடிகூட வாங்குகிறான், பிழைக்கிறான். இறுதியில் டைட்டன் சக்தி போய்விடுகிறது, அம்மா கட்டிக்கொண்டு மன்னிப்புக் கேட்கிறாள். மூன்று வருஷம் கழித்து சமாதானம் பேசக் கப்பலில் போகும்போது, பழைய படைத்தோழி, இப்போதைய ராணி ஹிஸ்டோரியாவின் கடிதத்தை எடுத்து மோந்து பார்த்துக்கொண்டு நிற்கிறான். கூட வரும் படைத்தோழன் ஜானுக்கு அதைப் பார்த்து எரிச்சல். அத்தனை கனமான கதையில் இந்த அசட்டுத்தனம் எதற்கு என்று முதல் தடவை முகம் சுளித்தேன். இரண்டாம் தடவை அந்த இடத்தை மட்டும் மூன்று முறை ஓட்டிப் பார்த்தேன்.