மஞ்சளா, சுக்கா, சல்லகியா: முழங்கால் வலிக்கு எது கைகொடுக்கும்?

மூட்டு வலிக்கு மூலிகை என்றதும் எல்லோர் வாயிலும் முதலில் வருவது மஞ்சள், அடுத்து இஞ்சி. சல்லகி, அதாவது பாஸ்வெல்லியா செர்ராட்டா மரத்தின் பிசின், பலருக்குப் பெயரளவில்கூடத் தெரியாது. முழங்கால் தேய்மானத்தை மட்டும் எடுத்துக்கொண்டு மூன்றையும் அருகருகே வைத்தால், நான் சல்லகியைத்தான் முதலில் வைப்பேன்.

அழற்சி உள்ள இடத்தில் செல் சவ்விலிருந்து அராக்கிடோனிக் அமிலம் பிரிகிறது. அது சைக்ளோஆக்சிஜனேஸ் நொதியிடம் போனால் புரோஸ்டாகிளாண்டினாகி வலியும் வீக்கமும் தரும். 5-லிப்பாக்சிஜனேஸிடம் போனால் லியூகோட்ரையீனாகி வெள்ளை அணுக்களை அங்கே கூட்டும். வலி மாத்திரையான ஐபுபுரூஃபன் அடைப்பது முதல் வழியை. இஞ்சியின் ஜிஞ்செரால் இரண்டையும் ஓரளவு தடுக்கிறது. சல்லகியின் பாஸ்வெல்லிக் அமிலங்கள், குறிப்பாக ஏகேபிஏ என்று சுருக்கமாகச் சொல்லப்படுவது, இரண்டாவது வழியைக் குறிவைக்கின்றன. மஞ்சளின் குர்குமின் இன்னும் மேலே போய், அழற்சி மரபணுக்களை முடுக்கும் என்எஃப்-கப்பா-பி என்ற புரதத்தையே அடக்குகிறது. இப்படிப் பார்த்தால் மஞ்சள்தான் ஜெயிக்க வேண்டும். ஆனால் இதெல்லாம் ஆய்வுக்கூடத் தட்டில் வளர்த்த செல்களில் நடப்பது. வாய் வழியாக விழுங்கியது மூட்டுவரை போய்ச் சேர வேண்டுமே!

மஞ்சள் தடுமாறுவது அங்கேதான். மஞ்சள் கரைத்த நீரில் ஒரு சொட்டுச் சுண்ணாம்புத் தண்ணீர் விட்டால் கண்ணெதிரே செம்பழுப்பாக மாறும். சுண்ணாம்பின் காரத்தன்மை பட்டதும் குர்குமின் புரோட்டானை இழப்பதால் வரும் நிறம் அது. நேரம் போகப்போக மூலக்கூறே உடைந்துவிடும். சோதனைக் குழாயில் உடல் வெப்பத்தில், நடுநிலையான கரைசலிலேயே, அரை மணி நேரத்தில் பெரும்பகுதி சிதைகிறது. அதோடு குடலும் கல்லீரலும் குர்குமினை வேகமாக மாற்றி வெளியே தள்ளிவிடுகின்றன.

அளவையும் பாருங்கள். ஒரு டீஸ்பூன் மஞ்சள்தூள் சுமார் 3 கிராம். அதில் குர்குமின் 3 சதவீதம் என்று வைத்தால் 90 மில்லிகிராம்தான். 2014இல் வெளியான தாய்லாந்து ஆய்வில் 367 முழங்கால் நோயாளிகளில் ஒரு பிரிவினருக்கு நாளுக்கு 1,500 மில்லிகிராம் செறிவூட்டிய மஞ்சள் சாறும், மற்றவர்களுக்கு 1,200 மில்லிகிராம் ஐபுபுரூஃபனும் கொடுத்தார்கள். 4 வாரத்தில் வலி ஏறக்குறைய ஒரே அளவு குறைந்தது, மஞ்சள் பிரிவில் வயிற்றுத் தொல்லையும் குறைவு. நல்ல முடிவுதான், ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க, மருந்தே இல்லாத போலி மாத்திரை எடுத்த மூன்றாவது பிரிவு அதில் இல்லை.

சரி, மிளகைச் சேர்த்தால்? 2 கிராம் குர்குமினோடு மிளகின் காரப்பொருளான பைப்பரின் 20 மில்லிகிராம் கொடுத்தபோது ரத்தத்தில் சேரும் அளவு 20 மடங்கு கூடியதாக 1998இல் ஒரு ஆய்வு காட்டியது. இதைத்தான் விளம்பரங்களில் பெரிதாகச் சொல்கிறார்கள். எனக்கு இதில் கவலைதான் அதிகம். பைப்பரின் கல்லீரலின் கழிவு வேலையை மெதுவாக்குகிறது. அப்போது வலிப்பு நோய்க்கான ஃபெனிடாயின் போன்ற மற்ற மருந்துகளும் ரத்தத்தில் கூடும். மஞ்சள் காப்சூல் எடுத்தவர்களிடம் கல்லீரல் பாதிப்பு பதிவாகியிருக்கிறது; அவற்றில் சில காப்சூல்களில் பைப்பரினும் இருந்தது.

இஞ்சியில் எனக்குப் பிடித்த விஷயம் சுக்கு. பச்சை இஞ்சியைக் கடித்தால் காரம் வந்து அடங்கிவிடும். சுக்கைக் கடித்தால் தொண்டைவரை இறங்கி நிற்கும். காயும்போது ஜிஞ்செரால் ஒரு நீர் மூலக்கூறை இழந்து ஷோகாலாக மாறுவதால்தான் இந்த வித்தியாசம். ஆய்வுகள் பலவற்றில் ஷோகால் ஜிஞ்செராலைவிடத் தீவிரமாக வேலை செய்கிறது. 2001இல் வந்த முழங்கால் ஆய்வில் இஞ்சிச் சாறு எடுத்தவர்களில் 63 சதவீதத்தினருக்கும், போலி மாத்திரை எடுத்தவர்களில் 50 சதவீதத்தினருக்கும் நிற்கும்போது வரும் வலி குறைந்தது. அந்தச் சாற்றில் பேரரத்தையும் கலந்திருந்ததால் பெருமை முழுவதையும் இஞ்சிக்குக் கொடுக்க முடியாது. நெஞ்செரிச்சல் தாங்காமல் பாதியில் விடுகிறவர்களும் உண்டு.

சல்லகியில் ஆய்வுகள் சிறியவை. 2003இல் நாக்பூரில் 30 பேரிடம் 8 வாரம் நடந்த சோதனையில் வலியும் வீக்கமும் குறைந்தன, எக்ஸ்ரேயில் மாற்றம் இல்லை. பல ஆய்வுகளைச் சேர்த்து அலசும் காக்ரேன் அமைப்பு 2014இல் வெளியிட்ட தொகுப்பாய்வின்படி, நாளுக்கு 100 மில்லிகிராம் செறிவூட்டிய சாறு 90 நாள் எடுத்தவர்களின் வலி, 100 புள்ளி அளவுகோலில் போலி மாத்திரைக்காரர்களைவிட 17 புள்ளி குறைவு. படி ஏறுகிறவருக்கு அது நன்றாகவே தெரியும் வித்தியாசம். இதுவும் எளிதில் உறிஞ்சப்படாது. ஆனால் கொழுப்புள்ள உணவோடு எடுத்தால் ரத்தத்தில் நன்றாகக் கூடுகிறது. வாங்கும்போது தாவரப் பெயரைப் பார்த்து வாங்குங்கள். குங்கிலியம் என்ற பெயரில் வேறு மரப்பிசினும் விற்கப்படுகிறது.

ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் எடுப்பவர்கள் மூன்றில் எதையும் மருத்துவரிடம் கேட்காமல் தொடக் கூடாது. பித்தப்பைக் கல் இருந்தால் மஞ்சள் காப்சூல் வேண்டாம். அப்புறம், காலையில் விரல்கள் ஒரு மணி நேரத்துக்கு மேல் விறைத்தே இருந்தால் அது முடக்குவாதமாக இருக்கலாம். மூட்டையே அரித்துவிடும் நோய் அது. அதற்கு மூலிகையைச் சோதித்துப் பார்த்து மூன்று மாதத்தை இழக்காமல், உடனே மூட்டுநோய் மருத்துவரைப் பாருங்கள்.