'தௌ'வா, 'யூ'வா?

பழைய ஆங்கிலத்தில் முன்னிலையில் ஒருவரைச் சுட்ட 'தௌ' (thou). பலரைச் சுட்டும் சொற்களில் ஒன்று 'யூ' (you). 13-ஆம் நூற்றாண்டு முதல் பிரெஞ்சு வழக்கின் தாக்கத்தால் பன்மையே மரியாதைச் சொல்லாகவும் ஆனது, நம் 'நீங்கள்' போல.

'யூ'வை யாரிடமும் துணிந்து சொல்லலாம், வினைமுற்றும் மாறாது. 'தௌ' வந்தாலோ வினைக்குத் தனி விகுதி வேண்டும். ஆனால் அதன் வீச்சு பெரிது: குழந்தையிடம் கொஞ்சல், கடவுளிடம் நெருக்கம், எதிரியிடம் அவமதிப்பு. 1603-இல் ஆங்கிலேயக் கடலோடி வால்டர் ராலே மீதான தேசத்துரோக வழக்கில், அரசுத் தரப்பின் எட்வர்ட் கோக் அவரை வேண்டுமென்றே 'தௌ' என்று ஒருமையில் விளித்து இழிவுபடுத்தினார். அதே நூற்றாண்டில் குவேக்கர்கள் என்ற கிறித்தவப் பிரிவினர், மனிதர் எல்லாரும் சமம் என்று நீதிபதிகளிடமும் 'தௌ' போட்டுப் பேசி அடிவாங்கினார்கள். எவ்வளவு நெஞ்சுரம்!

பின்னர் பொதுவழக்கிலிருந்து 'தௌ' மறைந்தே போனது. எனக்கு அதன் இழப்பு பேரிழப்பாகவே படுகிறது. 1611-இல் வந்த ஜேம்ஸ் மன்னர் விவிலியம் என்ற ஆங்கில மொழிபெயர்ப்பில், பேச்சு ஒருவரிடமா பலரிடமா என்பது சொல்லிலேயே தெரியும். இன்றைய 'யூ'வில் அது தெரியாது. அமெரிக்காவின் தென்பகுதியினர் 'யால்' என்று புதிதாக ஒரு பன்மையை உருவாக்க வேண்டியிருந்தது. வட இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் போன்ற சில வட்டாரப் பேச்சுகளில் 'தா' என்ற வடிவில் பழைய ஒருமை இன்னும் கொஞ்சம் பிழைத்திருக்கிறது.