அலமாரித் தட்டின் முன் விளிம்பைச் சோதிக்காமல் மீதிப் பணம் கொடுக்காதீர்கள்

மதுரையில் ஒரு மர அலமாரிக் கடையில் 38,500 ரூபாயைப் பறிகொடுத்துவிட்டு நிற்கிறேன். வயிறு எரிகிறது, அதனால் இன்றே எழுதுகிறேன்.

மாடியில் டியூஷன் எடுக்கிறேன். புத்தகம் வைக்க, நாலடி நீளத் தட்டுகளோடு ஓர் அலமாரி வேண்டும், தட்டு தொய்யவே கூடாது என்று முதலிலேயே சொன்னேன். கடைக்காரர் உடனே ஒரு மாதிரித் துண்டை எடுத்து வந்தார். முக்கால் இஞ்ச் பிளைவுட், முன் விளிம்பில் ஒன்றரை இஞ்ச் உயரத்துக்குத் தேக்கு ரீப்பர், அதாவது நீளமான மரக்கட்டை, பசை போட்டு இறுக்கியது. இரண்டு ஸ்டூலுக்கு நடுவில் அதைப் போட்டு அவரே ஏறி நின்றார், துளி வளையவில்லை. "எல்லாத் தட்டுக்கும் இதே ரீப்பர்தான்க்கா, கண்ணை மூடிட்டுப் பணத்தைக் கட்டுங்க" என்றார். அதைப் பார்த்த யாரும் நம்பத்தான் செய்வார்கள்.

சித்திரைத் திருவிழாவுக்கு முன்னால் மாட்டிக்கொடுத்தார்கள். ஆடி பிறப்பதற்குள் நடுத்தட்டு தூளி மாதிரி இறங்கிவிட்டது. போன் செய்தால் ஆசாரி ஊருக்குப் போயிருக்கிறார், அப்புறம் பையனை அனுப்புகிறேன், அப்புறம் "மதுரை வெயிலுக்கு மரம் வளையத்தான் செய்யும்க்கா". நேரில் போனால் முதலாளி இல்லை என்று பையன் சொல்கிறான், உள்ளே அவர் குரல் கேட்கிறது. கடைசியில் வந்த பதில், "புத்தகத்தைக் குறைச்சு வைங்க". புத்தக அலமாரி என்று சொல்லித்தானே 38,500 ரூபாய் வாங்கினார்?

எங்கள் தெரு ஆசாரி கழற்றிக் காட்டினார். பிளைவுட்டே இல்லை, மைக்கா ஒட்டிய பார்ட்டிகிள் போர்டு, அதாவது மரத்தூளைப் பசை சேர்த்து அழுத்திச் செய்த பலகை. பாரம் ஏறிக்கொண்டே இருந்தால் அது நாளாக நாளாக இன்னும் தொய்யுமாம். ரீப்பர் இருக்கவேண்டிய இடத்தில் மிச்சப் போர்டை நறுக்கிச் சின்ன ஆணி அடித்து, மேலே தேக்கு ரேகை போட்ட டேப்பை ஒட்டியிருக்கிறார்கள். பசை ஒரு சொட்டு இல்லை, விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி விட்டிருக்கிறது. நல்ல கட்டையைத் தட்டோடு முழு நீளத்துக்கும் பசை போட்டு ஒட்டினால்தான் இரண்டும் ஒரே மரமாகப் பாரம் தாங்கும் என்றார் அவர். கட்டையைப் படுக்கவைக்காமல் நிமிர்த்தி வைக்கவேண்டும், உயரம் இரட்டித்தால் விறைப்பு எட்டு மடங்கு.

இப்போது எல்லாத் தட்டையும் மாற்றவேண்டும். 38,500 ரூபாய் போனது போனதுதான்.

அலமாரி செய்யக் கொடுப்பவர்கள் பில்லில் பிளைவுட், தேக்கு ரீப்பர், அதன் உயரம் எல்லாம் எழுதி வாங்குங்கள். டேப் ஒட்டுவதற்கு முன்னால் போய் விளிம்பைப் பாருங்கள். மூன்றடிக்கு மேல் நீளம் என்றால் நடுவில் ஒரு தாங்கு கேளுங்கள், அடிக்கு அதே பாரம் என்றால் பாதி நீளத்தில் தொய்வு பதினாறில் ஒரு பங்குதான். முழுப் பணத்தை முன்னாடியே கொடுக்காதீர்கள்.