அரை மணி நேர ஒமகாசேயா, இரண்டு மணி நேர ஒமகாசேயா?

ஒமகாசே என்றால் ‘உங்களிடமே விட்டுவிடுகிறேன்’ என்று பொருள். ஜப்பானிய சுஷிக் கடையில் இப்படிச் சொன்னால், என்ன தருவது என்பதை சுஷி பிடிப்பவரே முடிவு செய்வார். டோக்கியோவில் இது இரண்டு விதமாகக் கிடைக்கிறது.

ஒன்று வேகம். டோக்கியோவின் கின்சா பகுதியில் உள்ள சுகியாபாஷி ஜிரோ என்ற கடை இதற்குப் பேர்போனது. அடித்தளத்தில் 10 இருக்கைகள், சுமார் 20 நிகிரி (கையால் பிடித்த சோற்றின் மேல் மீன் துண்டு வைத்த சுஷி), ஏறக்குறைய அரை மணி நேரம், அவ்வளவுதான். இன்னொரு வகைக் கடையில் முதலில் சாகே என்ற அரிசி மதுவோடு சாஷிமி (சோறில்லாத பச்சை மீன் துண்டுகள்), வேகவைத்த ஆக்டோபஸ், வாட்டிய மீன் என்று சின்னச் சின்னத் தட்டுகள் வரும். அப்புறம்தான் சுஷி. இரண்டு மணி நேரம் போவதே தெரியாது.

அரை மணி நேரத்துக்கு இவ்வளவு பணமா என்று பலருக்கு உறுத்தும். ஆனால் சோற்றை யோசித்துப் பாருங்கள். வினிகர் கலந்த அந்தச் சோறு உடல்சூட்டில் இருக்க வேண்டும். பிடித்து வைத்த சில நொடிகளில் வாயில் போட்டால்தான் அது பொலபொலவென உதிர்ந்து மீனோடு கலக்கும். படம் எடுத்துக்கொண்டிருந்தால் சோறு ஆறிவிடும், சுஷியைச் சுற்றும் நோரி என்ற கடற்பாசித் தாள் நமத்துப்போகும். நிகிரி வளர்ந்ததே 19-ஆம் நூற்றாண்டு எடோ (இன்றைய டோக்கியோ) நகரத் தெருக்கடைகளில், அவசரமாகச் சாப்பிடுகிறவர்களுக்காகத்தான்.

நிதானக் கடையின் பலம் பேச்சு. கொஹதா என்ற சிறு மீனை ஏன் உப்பிலும் வினிகரிலும் ஊறவைக்கிறார்கள் என்று ஆற அமரக் கேட்கலாம். முதல்முறை போகிறவர்களுக்கு இதுதான் சரி.

சுஷிக்காக மட்டும் என்றால் என் ஓட்டு வேகத்துக்கே. வாசனைத் திரவியம் பூசாமல், குறித்த நேரத்துக்குப் போய்விடுங்கள்.